ஐசியூ வாசலில் வேதம் வாசிக்கும்போது

மருத்துவமனையில் நோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் சந்தித்துப் பேசுவதும், அவர்களோடு ஜெபிப்பதும் என் வேலை. ஐசியூ வாசலில் காத்திருக்கும் நம் சபை மக்கள் பலரிடம் ஜனவரி 1 ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டை, இருக்கும், பெரும்பாலும் செல்போன் உறைக்குள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டு நர்ஸ் ஃபாரத்தை நீட்டும்போது அந்த அட்டையை என்னிடம் காட்டுவார்கள். "ஆண்டவர் இந்த வார்த்தையைக் கொடுத்திருக்காரே ஐயா, அப்புறம் ஆபரேஷன் எதுக்கு?"

இக்கட்டில் வேதத்தைத் தேடுவது நல்லது. ஆனால் பயத்தில் இருப்பவர்கள் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் ஆண்டவர் சொன்னதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

அட்டைகளில் அதிகம் வருவது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வரும் வார்த்தை அது. சீக்கிரமே ஊர் திரும்பிவிடலாம் என்று சில தீர்க்கதரிசிகள் அவர்களுக்கு ஆசை காட்டிக்கொண்டிருந்த நேரம். கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறது. பத்தாம் வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. முழுக் கடிதத்தையும் படித்தால், நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்ற உறுதி அதில் இல்லை. நீண்ட காத்திருப்பிலும் உங்களை மறக்கவில்லை என்ற உறுதி இருக்கிறது. மாதக்கணக்கில் டயாலிசிஸுக்கு வந்துபோகிறவருக்கு இரண்டாவதுதான் தாங்கும்.

ஆபரேஷனா, விசுவாசமா என்று தவிக்கிறவர்களுக்கு 2 இராஜாக்கள் 20-ஐ வாசித்துக் காட்டுவேன். எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறார். "நான் உன்னைக் குணமாக்குவேன்" என்று கர்த்தரே ஏசாயா தீர்க்கதரிசி மூலம் சொல்கிறார், ஆயுசில் 15 வருஷம் கூட்டித் தருகிறார். அடுத்த வசனத்திலேயே ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். அதைப் பிளவையின்மேல், அதாவது கட்டியின்மேல், பற்றுப்போட்டபோது ராஜா பிழைத்தார். வாக்குத்தத்தத்தைச் சொன்ன அதே வாய்தான் பற்றுப் போடவும் சொன்னது. மருந்தை நிறுத்து, ஜெபம் போதும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இந்த அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள்.

அப்புறம், படுக்கையருகே என்ன வாசிப்பது? வெற்றி வசனங்களை அடுக்குவதைவிட, நோயாளியால் சொல்ல முடியாததைச் சொல்லும் சங்கீதம் உதவும் என்பது என் அனுபவம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதத்தில் ஆறே வசனம். மூச்சிரைக்கிறவர்கூடக் கேட்டு முடிக்கலாம். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை ஆறுதலுக்குத் திரும்புவதே இல்லை. அதை வாசித்தபோது, அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு அம்மா திரும்பி, "இப்படியெல்லாம் ஆண்டவர்கிட்டப் பேசலாமா?" என்று கேட்டார். பேசலாம். அதற்குத்தான் அது வேதத்தில் இருக்கிறது. வாசித்த உடனே விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள், அவன் வேதனை கூடியது.

இன்னொன்று, சாக வேண்டும் என்று சொல்பவர்களைப் பற்றி. இதில் தாமதம் கூடாது. "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்தபோது தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்குப் பல நாள் கழித்து, ஓரேப் மலையில். உங்கள் வீட்டில் யாராவது சாக வேண்டும் என்று சொன்னால், "விசுவாசம் குறைஞ்சுபோச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், ராத்திரி நேரமானால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108. பாஸ்டரையும் கூப்பிடலாம், வேதமும் வாசிக்கலாம். மருத்துவரிடம் போவதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.