கடன் கணக்கு வயது: சொல் விளக்கம்

ஒருவர் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவார் என்று எவ்வளவு நம்பலாம் என்பதைக் காட்டும் எண்ணே கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்). அதைப் பற்றித் தமிழில் எழுதுவோர், கணக்கு தொடங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைக் குறிக்க, ‘கணக்கின் வயது’ என்ற தொடரை ஆள்கின்றனர். தொடர் எளியதுதான். ஆயினும் நம்மிடையே கணக்கு என்றாலே சேமிப்புக் கணக்குத்தான் நினைவுக்கு வரும் என்பதால், முப்பது ஆண்டுகளாக ஒரே வங்கியில் பணம் போட்டு எடுத்து வருபவர் தம் மதிப்பெண்ணுக்கு அது வலுச்சேர்க்கும் என்று எண்ணிவிடக்கூடும். அந்தக் கணக்கு இங்கே எண்ணப்படுவதே இல்லை. கடன் அட்டை, வீட்டுக்கடன், வாகனக்கடன், வங்கி நகைக்கடன் என, வாங்கித் திருப்பிக் கட்டும் கணக்குகளே, ஒருவரின் கடன் வரலாற்றைத் தொகுத்துக் காட்டும் கடன் அறிக்கையில் ஏறுகின்றன. எனவே ‘கடன் கணக்கு வயது’ என்று முழுமையாகச் சொல்வதே முறை.

‘கிரெடிட்’ என்பதன் வேர், நம்புதல் என்று பொருள்படும் ‘கிரேடெரே’ என்னும் லத்தீன் வினை. நம்பி ஒப்படைத்த பொருளுக்கு வழங்கிய ‘கிரேடிட்டும்’ என்ற பெயர், இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் உருமாறி 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. ‘ஸ்கோர்’ பழைய நார்ஸ் மொழிச் சொல். எண்ணிக்கைக்காகக் கோலில் வெட்டிய கீறலை அது குறித்தது. தமிழில் ‘கடன்’ என்பதன் பழம்பொருள் கடமை, செய்ய வேண்டிய முறை. ஐரோப்பியச் சொல் கொடுப்பவரின் நம்பிக்கையைச் சுட்ட, நம் சொல் வாங்கியவரின் பொறுப்பைச் சுட்டுகிறது. நம்பிக்கைப் பொருளுக்கு ‘நாணயம்’ என்ற அருமையான சொல் நம்மிடம் உண்டுதான். ஆனால் பணத்தைப் பற்றிய பேச்சில் நாணயம் என்றால் ரூபாயும் டாலருமே முன்னால் வந்து நிற்கும் என்பதால், ‘கடன் மதிப்பெண்’ என்பதே குழப்பமற்றது.

பில் ஃபேர், ஏர்ல் ஐசக் ஆகியோர் 1956-இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், 1989-இல் ஃபைக்கோ மதிப்பெண்ணை அறிமுகப்படுத்தியது. 300 முதல் 850 வரை செல்லும் அந்த மதிப்பெண்ணில், தவணை தவறாமைக்கு 35 விழுக்காடும், நிலுவைத் தொகைக்கு 30 விழுக்காடும், கடன் வரலாற்றின் காலத்துக்கு 15 விழுக்காடும் எடை தரப்படுகின்றன. மிகப் பழைய கணக்கின் வயது, மிகப் புதிய கணக்கின் வயது, எல்லாக் கணக்குகளின் சராசரி வயது ஆகியவை இந்தக் காலத்துக்குள் அடங்கும். ஆறு மாதமாவது ஆன கணக்கு ஒன்றுகூட இல்லாதவருக்கு ஃபைக்கோ மதிப்பெண்ணே கிடையாது.

சராசரியின் போக்கைக் கவனிக்க வேண்டும். ஒருவரிடம் பத்து ஆண்டும் எட்டு ஆண்டும் ஆன இரண்டு அட்டைகள் இருந்தால் சராசரி ஒன்பது ஆண்டு. கடைக்காரர் தரும் தள்ளுபடிக்காக இன்று மூன்றாவது அட்டையை வாங்கினால் அது ஆறு ஆண்டாக இறங்கிவிடும். பழைய கணக்கு எத்தனை கூடுதலாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு இந்த இறக்கம் குறையும்.

பழைய அட்டையை மூடினால் அதன் வயது அன்றே அழிந்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். ஃபைக்கோவைப் பொறுத்தவரை அது சரியன்று. ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு அமெரிக்கக் கடன் அறிக்கையில் பத்து ஆண்டு வரை நிற்கும். நிற்கும் வரை அதன் வயதும் எண்ணப்படும். மூடியவுடன் உறைப்பது வேறொன்று: அந்த அட்டையின் வரம்பு கையைவிட்டுப் போவதால், மற்ற அட்டைகளின் நிலுவை, மீதமுள்ள மொத்த வரம்பில் பெரிய பங்காகத் தெரியும். வயதின் மீது போடப்படும் பழியில் பெரும்பகுதி உண்மையில் இந்த விகிதத்துக்கே உரியது.

இந்தியாவில் சிபில் என்னும் கடன் தகவல் நிறுவனம் தரும், 300 முதல் 900 வரை செல்லும் மதிப்பெண்ணும் கடன் வரலாற்றின் காலத்தைப் பார்க்கிறது. கடனே வாங்காமல் வாழ்ந்தவரை நம் ஊர் மெச்சும். அறிக்கையிலோ அவருக்கு வரலாறு இல்லை என்றே இருக்கும். சென்னையில் பதினைந்து ஆண்டு தவணை தவறாதவரும் அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்தால், இங்குள்ள அறிக்கை பொதுவாக அங்கே செல்லாது என்பதால், முதல் அட்டையிலிருந்து வயதை எண்ணத் தொடங்க வேண்டியிருக்கிறது.

‘கடன் வரலாற்றின் நீளம்’ என்ற மொழிபெயர்ப்பும் உலவுகிறது. கயிற்றுக்கும் சாலைக்கும் நீளம் சொல்லலாம். வரலாற்றுக்குக் காலம் என்பதே தமிழ் வழக்கு. தனித்தமிழ் விரும்புவோர் ‘அகவை’ என்பர்; மனிதருக்கு அது பொருந்தும், கணக்குக்குச் சற்று மிகை. மரத்துக்கும் கட்டடத்துக்கும் தயங்காமல் வயது சொல்கிறோம், கணக்குக்கும் அதுவே போதும். ஆக, தனி ஒரு கணக்குக்குக் ‘கடன் கணக்கு வயது’, எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் ‘சராசரிக் கடன் கணக்கு வயது’, முதல் கடனிலிருந்து இன்று வரையுள்ள மொத்தத்துக்குக் ‘கடன் வரலாற்றுக் காலம்’ என்று மூன்றையும் பிரித்தே எழுதலாம்.