தொட்டி வாங்குவது கடைசி வேலை

மூன்று வண்ணங்களில் மறுசுழற்சித் தொட்டிகளை வாங்கிப் படிக்கட்டின் கீழ் வரிசையாக நிறுத்தி, சங்கக் கூட்டத்தில் கைதட்டலும் பெற்றுவிட்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அண்மையில் அழைத்தார்கள். சேர்ந்ததை எடுத்துச் செல்ல வந்தவர், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிவிட்டாராம். திடக்கழிவு மேலாண்மையில் ஆலோசனை சொல்வதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது புதிய செய்தி அல்ல என்பதே எரிச்சலைத் தருகிறது.

எடுத்துச் செல்பவர் யார், எவற்றை ஏற்பார், எவற்றை மறுப்பார், எப்போது வருவார் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகுதான், எத்தனை தொட்டிகள், எவ்வளவு பெரியவை என்று முடிவு செய்ய முடியும். முதலில் அட்டை, காகிதம், பாட்டில், உலோக டப்பா ஆகியவற்றோடு தொடங்குங்கள்; மற்றவை பழகிய பின் வரட்டும்.

என் பொறுமையை மிகவும் சோதிப்பது, பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் இருக்கும் முக்கோண அம்புக்குறி. அது இருந்தாலே மறுசுழற்சி ஆகிவிடும் என்று நன்கு படித்தவர்களும் என்னோடு வாதிடுகிறார்கள். 1988இல் பிளாஸ்டிக் தொழில்துறையினர் கொண்டுவந்த அந்தக் குறியீட்டில் உள்ள 1 முதல் 7 வரையிலான எண், பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதை மட்டுமே சொல்கிறது. அதை வாங்க ஆள் உண்டா என்று சொல்வதில்லை. 1 என்பது பெட், அதாவது தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்; 2 என்பது ஷாம்பு பாட்டில் போன்றவை செய்யும் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்; இவ்விரண்டிலும் பாட்டில்களுக்குப் பெரும்பாலும் கிராக்கி உண்டு. 3 பிவிசி, 6 பாலிஸ்டைரீன் (தெர்மாகோல் இந்த வகைதான்), 7 மற்ற எல்லாம். இவற்றை வாங்குவோர் அரிது. குழப்பம் முற்றியதால், 2013இல் இக்குறியீட்டின் தரநிலையைப் பராமரிக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பே அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக மாற்றியது. ஆனாலும் பழைய அச்சுகளில் வார்த்த பொருள்கள் அம்புகளோடுதான் வருகின்றன. ஆகவே குறியைப் பார்க்காதீர்கள், எடுப்பவர் தந்த பட்டியலைப் பாருங்கள்.

“எதற்கும் போட்டு வைப்போம், அங்கே பிரித்துக்கொள்வார்கள்” என்பதும் இதே நோயின் இன்னொரு முகம். பெட் பாட்டில்களுக்குள் சிறிதளவு பிவிசி கலந்தாலும் உருக்கும்போது தரம் கெடும். குழம்பு ஊறிய அட்டை பக்கத்திலுள்ள நல்ல காகிதத்தையும் வீணாக்கும். பிளாஸ்டிக் பைகள் தரம்பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் சுற்றிக்கொண்டு ஆலையையே நிறுத்தும். உட்புறம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையைச் செய்தித்தாளோடு சேர்க்காதீர்கள். உடைந்த பீங்கானைக் கண்ணாடிப் பாட்டில்களோடு சேர்க்காதீர்கள்.

தொட்டியில் போடும் பாட்டிலையும் டப்பாவையும் பளபளக்கத் தேய்க்க வேண்டியதில்லை. காலி செய்து, ஒருமுறை அலசி, நீர் வடியவிட்டால் போதும். அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கிப் போடுங்கள். லித்தியம் மின்கலங்களை எந்தத் தொட்டியிலும் போடவே கூடாது. வண்டியில் நசுங்கினால் தீப்பற்றும். முனைகளில் டேப் ஒட்டித் தனிப் பெட்டியில் சேர்த்து வையுங்கள்.

மறுசுழற்சித் தொட்டியைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒன்று மட்டும் தனியாக நின்றால் எல்லாமே அதில்தான் விழும். வாடகைக்குப் புதிதாக வருவோருக்குச் சாவி கொடுக்கும்போதே விதிகளையும் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் கலந்து போட்டதைக் கையால் பிரிப்பவர் உங்கள் துப்புரவுப் பணியாளர்தான். திட்டத்தை வகுக்கும் கூட்டத்தில் அவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்; கையுறைக்கும் கூடுதல் வேலைக்கான ஊதியத்துக்கும் பராமரிப்புக் கணக்கில் தனியாக ஒதுக்குங்கள். அந்த ஒதுக்கீடு இல்லாத குடியிருப்புகளின் அழைப்பை நான் இப்போது ஏற்பதில்லை.