ஆற்றுக்கு அடியில் இன்னொரு ஆறு

"தம்பி, உம்மட தக்கை ஆத்தோட ஓடுது. மீன் ஆத்தோட ஓடேல்லை."

ரொறன்ரோவிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டர் தள்ளி, போர்ட் ஹோப் ஊரில் கனரஸ்கா ஆற்றங்கரை. நவம்பர் மாதக் காலை. ஆறு வரும் பக்கமாக எனக்கு இருபதடி தள்ளி நின்ற ஐயா ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். அதற்குள் அவர் இரண்டு ஸ்டீல்ஹெட் பிடித்து விட்டாயிற்று. இருவரிடமும் இரையாக ஒரே மீன்சினை, ஒரே அளவு தூண்டில் முள். என் தக்கை மட்டும் காலையிலிருந்து ஒருமுறைகூட அமிழவில்லை.

ஸ்டீல்ஹெட் என்று தனி மீன் இனம் கிடையாது. அது ரெயின்போ ட்ரவுட்தான். பிறந்த ஓடையிலேயே தங்கிவிட்டால் ட்ரவுட். கடலுக்குப் போய்க் கொழுத்துத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் அமைத்து ஓடைகளில் விட்டதும், இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் திரிவதும் இதே இனம். கடலுக்குக் கிளம்பும் குஞ்சின் உடம்பு ஆற்றில் இருக்கும்போதே மாறத் தொடங்கிவிடும். விலாவிலுள்ள கருந்திட்டுகள் மறைந்து வெள்ளி ஏறும். அதுவரை உப்பை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த செவுள், உப்பை வெளியே தள்ளப் பழகும்.

அந்தக் கடல் நினைப்பு லேசில் அழிவதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றை 1913இல் அணை கட்டி மறித்தார்கள். மேலே மாட்டிய மீன்கள் ஏறத்தாழ நூறு வருஷம் ட்ரவுட்டாகவே காலம் தள்ளின. 2011 முதல் 2014 வரை அங்கிருந்த இரண்டு அணைகளையும் இடித்த பிறகு, காணாமல்போயிருந்த கோடைக்கால ஸ்டீல்ஹெட் மறுபடி ஆற்றில் ஏறியது. மரபணுவைப் பார்த்தால், அணைக்கு மேலே அடைபட்டுக் கிடந்த வம்சமும் அதில் இருந்தது.

கனரஸ்கா போய்ச் சேரும் ஒன்ராறியோ ஏரிக்கு இந்த மீன் வந்தேறி. பசிபிக் கரையிலிருந்து 1870களில் பேரேரிகளுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே கடலின் வேலையை ஏரி பார்க்கிறது. ஏரியில் வளர்ந்ததை ஸ்டீல்ஹெட் என்று சொல்லலாமா என்று பசிபிக் கரைக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். இங்கே யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. முட்டையிடுவது வசந்தத்தில்தான் என்றாலும் இலையுதிர்காலத்திலேயே பல மீன்கள் ஆற்றுக்குள் வந்துவிடும். அப்போது முட்டையிட்டுக்கொண்டிருக்கும் சினூக் சால்மனின் சினை நீரில் சிதறி வரும். அதைப் பொறுக்கத்தான் இந்த வருகை. தூண்டில்காரர்கள் சுண்டைக்காய் அளவு சினைப் பொட்டலத்தை மெல்லிய வலைத்துணியில் கட்டி முள்ளில் கோர்ப்பதும் இதனால்தான்.

இனி ஐயா சொன்ன விஷயம். ஆறு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர்ப்படலம் நகர்வதே இல்லை. அதற்கு மேலுள்ள படலத்தை அது பிடித்து இழுக்கும், அது தனக்கு மேலுள்ளதை. இப்படி மேலே போகப்போக வேகம் கூடும். ஆற்றின் ஓட்டத்தை அளப்பவர்கள் மேற்பரப்பில் மிதவை விட்டுப் பார்த்த வேகத்தை 0.85ஆல் பெருக்கித்தான் சராசரியைக் கணக்கிடுவார்கள். பெரிய கற்கள் கிடக்கும் ஆறென்றால், இடுப்பளவு நீரில் தரையோரத்து ஓட்டம் மேலே தெரியும் வேகத்தில் பாதிதான் இருக்கும். ஸ்டீல்ஹெட் நிற்பது அங்கேதான். எதிர்நீச்சலுக்குச் செலவு குறைவு.

சால்மன் முட்டை தானாக உருண்டு வரும்போது இந்த அடிநீரின் வேகத்தில் வரும். நான் போட்ட சினையோ மேலே மிதக்கும் தக்கையில் தொங்குகிறது. தக்கை மேல்நீரோடு விரைகிறது, சினை அதன் பின்னால் இழுபட்டு, மேலெழும்பி, மீனின் தலைக்கு மேலே பறந்து போகிறது. எந்த முட்டையும் அப்படிப் போகாது. மீனுக்கு அது தெரியும்.

ஒன்ராறியோ பக்கத்துத் தூண்டில்காரரின் சாமான்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரே சிக்கலுக்கான மருந்து. தூண்டில் கழி பதின்மூன்று அடிக்குக் குறையாது. தூண்டில் நரம்பான தங்கூசி நீரின்மேல் படுத்தால் ஓட்டம் அதையும் பிடித்து இழுக்கும். அதைத் தூக்கிப் பிடிக்கத்தான் அந்த நீளம். தங்கூசியைச் சுற்றிவைக்கும் சென்டர்பின் என்ற ரீலில் பல்சக்கரம் கிடையாது. நடு அச்சில் சுற்றும் வெறும் சக்கரம். ஓட்டம் இழுக்க இழுக்கத் தங்கூசி தானாக அவிழும், விளிம்பில் பெருவிரலை லேசாக வைத்தால் தக்கை தயங்கும். அந்தத் தயக்கம்தான் வித்தை. மேலே தக்கையை ஒரு துளி பிடித்துவைத்தால் கீழே சினை முந்திக்கொண்டு, மெதுவாக, தங்கூசிக்கும் அதை அமிழ்த்தும் ஈயக்குண்டுகளுக்கும் முன்னதாக மீனின் வாய்க்கு வரும்.

சரியாக நடக்கிறதா என்பதைத் தக்கையே சொல்லும். அதன் தலை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் சற்றே சாய்ந்திருந்தால் சினை முன்னே போகிறது. ஓட்டத்தின் பக்கம் சாய்ந்தால் சினை பின்தங்கி இழுபடுகிறது. அன்று என் தக்கை முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈயக்குண்டுகளையும் தங்கூசியில் ஒரே இடத்தில் கொத்தாகப் பொருத்திவிடக் கூடாது. தக்கைக்குக் கீழே பெரியது, முள்ளை நெருங்க நெருங்கச் சிறியது. அப்போதுதான் மேலே எடை நிலைத்து, கீழ்ப்பகுதி ஓட்டத்துக்கு வளைந்துகொடுக்கும். ஆழம் எவ்வளவு என்றால், சினை தரைக்கு ஒரு சாண் மேலே. எப்போதாவது ஒருமுறை சினை கல்லில் தட்டித் தக்கை துள்ளினால் சரியாக இருக்கிறது. ஓயாமல் துள்ளினால் குறையுங்கள்.

முள்ளை ஒட்டிய கடைசி இரண்டடிக்கு ஃப்ளூரோகார்பன் நரம்பு கட்டுவார்கள். அதன் ஒளிவிலகல் எண் 1.42, நீருக்கு 1.33, நைலானுக்கு 1.5க்கு மேல். நீரோடு நெருங்கிய எண் என்பதால் கண்ணுக்கு எளிதில் தெரியாது என்பது கடைக்காரர் பேச்சு. பொய்யில்லை, ஆனால் என் கணக்கில் மெலிவுதான் முக்கியம். தடித்த நரம்பை நீர் அதிகம் பிடித்துத் தள்ளும். பழைய சிக்கல் திரும்ப வந்துவிடும்.

நீரின் குளிரையும் பார்க்க வேண்டும். மீனின் உடம்புச் சூடு ஆற்றின் சூடுதான். பத்து பாகை செல்சியஸ் பக்கம் இருந்தால் இரையைத் துரத்தி வந்து கவ்வும். இரண்டு பாகைக்கு இறங்கினால் செரிமானம் முதல் தசை வரை எல்லாம் மந்தம். மூக்குக்கு நேரே வந்தால்தான் வாயைத் திறக்கும். ஆகவே குளிர் கூடக் கூடத் தக்கையை இன்னும் தயங்கவிட வேண்டும். தூண்டில் கழியின் வளையங்களில் பனிக்கட்டி கட்டினால் கழியை ஆற்றுக்குள் முக்குங்கள். ஆற்றுநீர் உறைநிலைக்கு மேலே இருப்பதால் அது கரைந்துவிடும்.

கரையில் நிமிர்ந்து நிற்பதும் தப்பு. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்குமேல் 97 பாகை அகலமுள்ள ஒளிவட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். தாழ்ந்து வரும் ஒளி அதன் விளிம்பில் நசுங்கிப்போகும். குனிந்து நிற்பவர் அந்த நசுங்கலில் மறைந்துவிடுவார்.

இறங்குவதென்றால் மார்புவரை வரும் ரப்பர் உடுப்பு வேண்டும். அதன் பெயரைத் தமிழில் எழுதினால் வேடர் என்றாகும், பொருத்தம்தான். அதற்குள் தண்ணீர் புகுந்தால் ஆளை அடிக்கு இழுத்துவிடும் என்பார்கள். அது சரியில்லை, தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை தெரியாது. ஆனால் அந்தச் சுமையோடு நடக்கவும் கரையேறவும் முடியாது. இடுப்புவார் இல்லாமல் இறங்காதீர்கள். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

கடைசியாக, பிடித்த மீனை விடுவது. ஏரியின் கிழக்கு முனையில் கிங்ஸ்டனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் ரெயின்போ ட்ரவுட்டைக் களைக்கும்வரை துரத்திவிட்டுச் சோதித்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். நீரிலேயே விட்டவற்றில் 88 விழுக்காடு பிழைத்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 62. ஒரு நிமிடம் வைத்தவற்றில் 28. காற்றில் செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஏறக்குறைய நின்றுவிடும். ஒரு படம் எடுக்கக் கைபேசியைத் தேடும் நேரம் அது.

ஐயா அன்று தன் மூன்றாவது மீனைத் தூக்கவே இல்லை. முழங்கால் நீரில் குனிந்து, சிறு குறட்டால் முள்ளைத் திருகி எடுத்தார். மீன் உடனே போகவில்லை. அவருடைய சப்பாத்துக்குப் பின்னால், ஓட்டம் படாத அந்தச் சின்ன மறைவில், செவுளை விரித்துச் சுருக்கிக்கொண்டு நின்றது. அவரும் காலை அசைக்காமல் நின்றார்.