கையை ஊன்றாமல் எழுந்திருங்கள்

“கையை ஊன்றாம எந்திரிங்கம்மா” என்றேன்.

சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். வயது 61. இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். முன்னால் சாய்ந்தார், மூச்சை இழுத்துப் பிடித்தார். இடுப்பு நாற்காலியை விட்டு இரண்டு விரற்கடை எழும்பியது. அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டார். இன்னொரு முறை. மூன்றாவது முறை கை தானாகவே தொடைக்குப் போய்விட்டது. கூட வந்த மருமகளைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி, “மரம் வெட்டுன காலும்மா இது” என்றார்.

மலேசியாவின் பினாங்கில் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். முட்டி வலி, இடுப்பு வலி என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் செய்து பார்ப்பது இந்த நாற்காலிச் சோதனைதான். உட்காரும் இடம் தரையிலிருந்து 17 அங்குல உயரம், நேரம் 30 விநாடி. கையை ஊன்றாமல் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறீர்கள் என்று எண்ண வேண்டும். 60 முதல் 64 வயதுப் பெண்கள் 12-க்குக் கீழே, ஆண்கள் 14-க்குக் கீழே எடுத்தால் கால் வலு குறைந்திருக்கிறது, கீழே விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். அந்த அம்மாவின் அட்டையில் அன்று பூஜ்யம் என்றுதான் எழுதினேன்.

அந்த அம்மா கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டி, தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியில் சுமந்தவர். தோட்டத்தை விட்டு வந்தபின் பிறை நகரில் லிஃப்ட் இல்லாத ஒரு ஃப்ளாட்டில் நான்காவது மாடி. இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், வந்து பத்து வருடம். முட்டி வலி வந்ததும் “தேய்ஞ்சு போச்சு, நடந்தா இன்னும் தேயும்” என்று யாரோ சொல்ல, படி இறங்குவதைக் குறைத்தார். முதலில் பாசாருக்கு (சந்தைக்கு) போவது நின்றது. அப்புறம் வெள்ளிக்கிழமைக் கோயில். அப்புறம் சொந்தக்காரர் கல்யாணங்கள். என்னிடம் வருவதற்கு முந்தைய ஐந்து மாதத்தில் மருந்து வாங்க மட்டுமே கீழே இறங்கியிருக்கிறார், அதுவும் மகன் கையைப் பிடித்துக்கொண்டு. வலி எவ்வளவு என்று கேட்டால் பத்துக்கு நான்கு என்றார். பயம் எவ்வளவு என்று கேட்டேன். பதில் வரவில்லை, கண்தான் கலங்கியது.

‘தேய்மானம்’ என்ற அந்தச் சொல் நம்மவர்களை முடக்கிப் போடுவதை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். முட்டி என்ன வண்டிச் சக்கரமா, ஓட ஓடத் தேய்வதற்கு? மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. கால் அழுந்தும்போதும் விடும்போதும் மூட்டுத் திரவம் அதற்குள் போய் வருகிறது. அதுதான் அதற்குச் சாப்பாடு. உட்கார்ந்தே இருந்தால் அந்தச் சாப்பாடு குறைகிறது. அதோடு தொடைத் தசையும் மெலிகிறது. அந்தத் தசை தாங்க வேண்டிய பாரம் மூட்டின் மேல் இறங்குகிறது, வலி கூடுகிறது. வலி கூடியதால் இன்னும் உட்காருகிறோம். முட்டித் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சைகளில் ஒன்றே உடற்பயிற்சிதான் என்று நான் சொன்னபோது அந்த அம்மா நம்பவில்லை. நம்பச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. நாற்காலியை உயர்த்தினேன், அவ்வளவுதான்.

உட்காரும் இடத்தில் இரண்டு கெட்டித் தலையணை. நுனிக்கு நகர்ந்து உட்கார வேண்டும். பாதம் இரண்டும் முட்டிக்குச் சற்றுப் பின்னால். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, அப்படியே எழ வேண்டும். எழுந்துவிட்டார்! நின்றபடி என்னைப் பார்த்தார், “இன்னொரு தடவை செய்யவா?” என்று அவரே கேட்டார். வீட்டில் காலை, மதியம், இரவு ஐந்தைந்து முறை. இரண்டு வாரத்தில் ஒரு தலையணையை எடுத்தோம். அடுத்த மூன்று வாரத்தில் இன்னொன்றை. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்கினால் போதும். அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்கணும், நிறுத்தக் கூடாது.

“இந்த வயசுல தசை வளருமா?” என்று மருமகள் கேட்டார். நியாயமான கேள்வி. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை கரைகிறது. ஆனால் திரும்ப வலு ஏற்ற முடியும். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓர் ஆய்வு வெளியானது. முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த 9 பேருக்கும் தொடைத் தசையின் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதில்! 61 எம்மாத்திரம்?

சர்க்கரைக்கும் இதுவேதான் மருந்து. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியரிடையே மட்டும் 31.4. நம் வீட்டுக் கூடத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தால் கிட்டத்தட்ட மூன்று பேர். தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அந்தப் பலன் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்வரை நிற்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பதைவிடத் தினமும் கொஞ்சம் நடப்பது சர்க்கரைக்கு நல்லது. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் உணவுக்குப்பின் ஏறும் சர்க்கரை குறைவாக ஏறும். அந்த அம்மா ஃப்ளாட்டின் நடைபாதையிலேயே, மாடியை விட்டு இறங்காமல், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். வெயிலும் புழுக்கமும் தடை என்றால் காலை ஏழுக்கு முன், இல்லையென்றால் பேரங்காடிக்குள் நடங்கள்.

தன்னம்பிக்கை என்று தலைப்புப் போட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உடம்பு இளைப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், எடை 96 கிலோ, மூன்று முறை ஜிம்மில் சேர்ந்து மூன்று முறையும் மூன்றாவது வாரத்தில் விட்டவர். காரணம் தினமும் காலையில் ஏறி நிற்கும் எடைக் கருவி. அது அவரைத் தினமும் தோற்கடித்தது. கருவியை அலமாரிக்கு மேல் வைக்கச் சொன்னேன். பதிலாக, சுவரில் கை வைத்துச் செய்யும் தண்டால் எத்தனை, மூச்சு வாங்காமல் ஏறும் மாடி எத்தனை என்று குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாளில் எழுதச் சொன்னேன். இரண்டு மாதத்தில் எடை இரண்டே கிலோதான் குறைந்தது. ஆனால் மகளின் தமிழ்ப்பள்ளி போட்டி விளையாட்டில் பெற்றோர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார். ஐந்தாவதாக வந்தாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழியில் வருகிறது என்றார்: தானே செய்து முடிப்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், தன் உடம்பு தரும் உணர்வு. இவற்றில் முதலாவதுக்குத்தான் வலிமை அதிகம். “உன்னால் முடியும்” என்று நாம் நூறு முறை சொல்வதைவிட, தலையணையை எடுத்த நாற்காலியிலிருந்து அவரே ஒருமுறை எழுவது பெரிது. நான்காவதையும் நான் தினமும் பார்க்கிறேன். படி ஏறும்போது நெஞ்சு படபடத்தால் “ஏதோ ஆகப் போகுது” என்று பயந்தவர்கள், சில வாரத்தில் “சரி, மூச்சு வாங்குது, நின்னா அடங்கிடும்” என்கிறார்கள். படபடப்பு அதேதான்.

தைப்பூசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூசம் முடிந்த வாரம் எங்கள் கிளினிக்கில் உட்கார இடம் இருக்காது. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. 48 நாள் விரதம் இருக்கிறார்கள், மனத்தை அவ்வளவு கட்டுகிறார்கள். காலுக்கு மட்டும் ஒருநாள் பயிற்சியும் இல்லை. ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைத் தசையைப் படுத்தும், ஏனென்றால் நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. மறுநாளைவிட இரண்டாம் நாள் வலி கூடுவது அதனால்தான். விரதம் தொடங்கும் அன்றே படிப் பயிற்சியையும் தொடங்குங்கள். 48 நாள் என்பது கிட்டத்தட்ட ஏழு வாரம். காலுக்கு வலு ஏற அது போதும். முதல் வாரம் இரண்டு மாடி, வாரத்துக்கு மூன்று நாள், பிறகு வாரம் ஒரு மாடி கூட்டுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கும் காலை.

இனிப்புநீர் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்குமுன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். மரத்துப்போன பாதத்துக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது. மாலையில் வீட்டுத் தரையில் ஈரத் தடம் பார்த்த பிறகுதான் கொப்புளம் உடைந்ததே தெரிந்தது என்று வந்தவர்கள் உண்டு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு ஒருவேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பவர்கள் கட்டாயம் மருத்துவரைப் பாருங்கள், மடியில் இனிப்பு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் வந்தால் உடனே நின்று உதவி கேளுங்கள்.

அந்த அம்மா மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். பின்னால் பாசார் இரைச்சல். “நானே எறங்கி வந்துட்டேன்மா. கீரை ரெண்டு கட்டு, கத்திரிக்கா, மீன். நானேதான் தூக்கிட்டு ஏறப் போறேன், மகன்கிட்ட சொல்லிடாதீங்க” என்றார். மாடிக்கு மாடி நின்று ஏறச் சொன்னேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மறுபடி கூப்பிட்டு, இரண்டு இடத்தில்தான் நின்றதாகச் சொன்னார்.

போன வாரம் நாற்காலியில் 11 எடுத்தார். நான் அட்டையில் எழுதப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டார். “12 வேணும்னு சொன்னீங்கல்ல. கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தடவை செஞ்சு காட்டுறேன்.”