மெட்டீரியலைஸ்டு வியூவில் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. வலையங்குளம், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் மல்லியின் எடை, விலை எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பதிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சில வருடங்களில் பல லட்சம் வரிகள் சேர்ந்துவிடும். ஒவ்வொரு விவசாயிக்கும் நாள்வாரியாக எவ்வளவு எடை, என்ன சராசரி விலை என்று கேட்கும்போதெல்லாம் அத்தனை வரிகளையும் முதலிலிருந்து படிப்பது வீண் வேலை.

மெட்டீரியலைஸ்டு வியூ இதற்காகத்தான் இருக்கிறது. சாதாரண வியூ குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, மட்டும் வைத்திருக்கும். இதுவோ குவெரியையும் வைத்துக்கொண்டு, அதன் விடையையும் டேபிள் போலவே டிஸ்க்கில் எழுதிவிடும். கடை வாசலில் சாக்பீஸால் எழுதிய விலைப் பலகை மாதிரி, யாராவது அழித்து எழுதும் வரை, அதாவது ரிஃப்ரெஷ் செய்யும் வரை, பழைய விலைதான். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே 2013இல்தான் போஸ்ட்கிரெஸின் 9.3 பதிப்பில் இந்த வசதி வந்தது.

உருவாக்கிய பிறகு, இருப்பதைத் திருத்தும் ஆல்டர் கட்டளையால் இதன் பெயர், நெடுவரிசைகளின் பெயர், உரிமையாளர், ஸ்கீமா (டேபிள்களையும் வியூக்களையும் தொகுத்து வைக்கும் பிரிவு), டிஸ்க்கில் இருக்கும் இடமான டேபிள்ஸ்பேஸ் ஆகியவற்றை மாற்றலாம். பெயர் மாற்றம் கண நேர வேலை. டேபிள்ஸ்பேஸை மாற்றினால் கோப்பு முழுவதும் புதிய இடத்துக்கு நகலாகும். அதுவரை யாரும் படிக்கக்கூட முடியாது.

ஆல்டரால் மாற்றக்கூடியவற்றில் பலர் கவனிக்காமல் விடுவது, வரிகளைச் சேமிப்பது, சுத்தம் செய்வது பற்றிய அமைப்புகளை. அவை ஏன் முக்கியம் என்பதற்கு ரிஃப்ரெஷ் நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். சாதாரண ரிஃப்ரெஷ் நடக்கும்போது வியூவைப் படிப்பவர்கள் காத்திருக்க வேண்டும். 2014இல் வந்த 9.4 பதிப்பு, ‘கன்கரன்ட்லி’ என்ற வழியைக் கொடுத்தது. அதற்கு ஒரு யூனிக் இண்டெக்ஸ், அதாவது ஒரே மதிப்பு இரண்டு வரிகளில் வராத இண்டெக்ஸ், கட்டாயம். நம் உதாரணத்தில் தேதியும் விவசாயி எண்ணும் சேர்ந்தது. புதிய விடையைத் தற்காலிக டேபிளில் கணக்கிட்டு, பழையதோடு ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் நீக்கிச் சேர்க்கும். படிப்பவர்களுக்குத் தடை இல்லை. ஆனால் நீக்கிய வரிகள் உடனே மறையாமல் செத்த வரிகளாகக் கோப்பிலேயே கிடக்கும். அவற்றைச் சுத்தம் செய்வது, பின்னணியில் தானாக ஓடும் ஆட்டோவேக்யூம். இயல்பான அமைப்பில், செத்த வரிகள் மொத்தத்தில் 20 சதவீதத்தோடு இன்னும் 50ஐத் தாண்டினால்தான் அது கிளம்பும். 1 லட்சம் வரி உள்ள வியூவுக்கு அது 20,050. அடிக்கடி ரிஃப்ரெஷ் செய்கிற வியூவுக்கு இது அதிகம் என்பது என் கருத்து. ஆல்டர் மூலம் இந்த ஒரு வியூவுக்கு மட்டும் 0.2 என்ற விகிதத்தை 0.02 ஆக்கினால், 2,050லேயே சுத்தம் தொடங்கும். இந்த மாற்றம் படிப்பவர்களைத் தடுக்காது, பகலிலேயே செய்யலாம். அப்டேட்டுகளுக்காகக் கோப்பின் பக்கங்களில் கொஞ்சம் இடம் விட்டுவைக்கும் ஃபில்ஃபேக்டரைக் குறைப்பதால் இங்கே பெரிய பயனில்லை. கன்கரன்ட்லி ரிஃப்ரெஷ் வரிகளை நீக்கிச் சேர்க்கிறதே தவிர, அப்டேட் செய்வதில்லை.

ஆரக்கிள் என்ற இன்னொரு டேட்டாபேஸில் ஆல்டரின் கை இன்னும் நீளம். கேட்கும்போது ரிஃப்ரெஷ் ஆகும் வியூவை, மூல டேபிளில் மாற்றம் உறுதியாகும் ஒவ்வொரு கமிட்டிலும் ஆகும்படி மாற்றலாம். மாறியதை மட்டும் எடுக்கும் ‘ஃபாஸ்ட்’ முறைக்கும் போகலாம். ஃபாஸ்ட் முறைக்குப் பொதுவாக மூல டேபிள்களில், மாற்றங்களைக் குறித்து வைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூ லாக் (log) இருக்க வேண்டும்.

சரி, மல்லியோடு பிச்சி, முல்லையையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்றால்? போஸ்ட்கிரெஸின் ஆல்டரில் குவெரியை மாற்ற வழியே இல்லை. டிஸ்க்கில் இருக்கும் வரிகள் பழைய குவெரியின் விடை. குவெரி மாறினால் அவை செல்லாது. பழைய வியூவை டிராப் செய்து மறுபடி கட்டினால், கட்டி முடியும் வரை கடைக்காரருக்கு எதுவும் தெரியாது. அதைவிட, புதியதை வேறு பெயரில் பக்கத்திலேயே கட்டி, இண்டெக்ஸ்களும் அனுமதிகளும் கொடுத்த பிறகு, ஒரே டிரான்ஸாக்‌ஷனில் (எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) இரண்டின் பெயரையும் மாற்றிவிடுவது நல்லது.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பழைய வியூவைச் சார்ந்து வேறு வியூக்கள் இருந்தால், அவை பெயரைப் பார்ப்பதில்லை, உள் எண்ணைத்தான் பிடித்திருக்கும். பெயர் மாறிய பிறகும் பழையதையே படிக்கும், அவற்றையும் திருத்தி எழுத வேண்டும். அப்புறம், பெயர் மாற்றத்துக்கு முழு லாக் (lock), அதாவது வேறு யாரும் தொட முடியாத பூட்டு, தேவை. ஏற்கெனவே ஒரு நீண்ட ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்தால் ஆல்டர் அதற்காகக் காத்திருக்கும், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் ஆல்டருக்காகக் காத்திருப்பார்கள். அதனால் பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரமான லாக் டைம்அவுட்டை 2 வினாடி என்று வைத்துக்கொண்டு முயன்று, கிடைக்காவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல்வதே பாதுகாப்பு.