ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் திங்கட்கிழமை எரிச்சலும்

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை வரை தூங்கினால் அன்று இரவு பதினொன்றுக்குக் கண் சொக்காது. மறுநாள் அலாரத்தைத் திட்டிக்கொண்டே எழுவோம். வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். உண்மையில் இது கடிகாரக் கோளாறு.

1729-இல் டி மெய்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமலும் பகலில் இலை விரிந்தது, இரவில் மூடியது. அப்படியொரு உட்கடிகாரம் நமக்கும் உண்டு. மூளையில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சின்ன முடிச்சு அது.

அது ஓடும் விதம் மொட்டை மாடித் தொட்டியின் மிதவை வால்வு மாதிரி. ஒரு மரபணு ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. புரதம் நிறைந்ததும் அதே மரபணுவை மூடிவிடுகிறது. பிறகு புரதம் சிதைந்து குறைய, மரபணு மறுபடி திறக்கிறது. ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள். பழ ஈக்களை வைத்து இதை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017-இல் மருத்துவ நோபல் பெற்றார்கள்.

வில்லங்கம் அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான். மனிதர்களுக்கு இந்தச் சுற்று சராசரியாக 24 மணிக்குச் சுமார் 10 நிமிடம் கூடுதல். விட்டால் தினமும் பின்தங்கிக்கொண்டே போகும். முள்ளைத் திருப்பி வைப்பது காலை வெளிச்சம். விழித்திரையில் சில செல்கள் காட்சிக்காக இல்லாமல் வெளிச்சத்தின் அளவைக் கணக்கெடுக்கவே இருக்கின்றன. நீல ஒளி என்றால் அவற்றுக்கு இன்னும் கூர்மை. பார்வை இழந்தவர்கள் சிலருக்குக்கூட இவை வேலை செய்கின்றன. ஆனால் டியூப்லைட் வெளிச்சம் இவற்றுக்கு அவ்வளவாகப் போதாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டுக்குள் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய காலையில்கூட வெளியே சில ஆயிரங்களைத் தாண்டும்.

இரவு வெளிச்சமோ முள்ளைப் பின்னால் தள்ளும். ஆக, சனி இரவு செல்போன், ஞாயிறு காலை மூடிய ஜன்னல் என இரண்டு பக்கமும் அடி.

ஈரலுக்கும் தனிக் கடிகாரம் இருக்கிறது, அது சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடும். இரவு பதினொரு மணிப் பரோட்டா அதைக் குழப்புவது பெரிய ஆச்சரியமில்லை. மாலை ஐந்து மணிக் காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்.

நான் மாற்றியது ஒன்றே ஒன்று. எழும் நேரத்தை ஞாயிறு உட்பட ஆறரையாக்கி, காபி டம்ளரோடு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன், கால் மணி நேரம். சூரியனை நேராக முறைக்க வேண்டியதில்லை. செய்தித்தாள் படிக்கலாம், துணி உலர்த்தலாம். கூலிங் கிளாஸ் மட்டும் கீழேயே இருக்கட்டும்.