நிலா நீலா ஆகும் விதம்

என் தங்கை மகளின் பெயர் நிலா. பிறப்புச் சான்றிதழில் அது என், ஐ, எல், ஏ என்னும் நான்கு ரோமன் எழுத்துகளாக நிற்கிறது. தடுப்பூசிக்காகச் சிங்கப்பூரின் பலதுறை மருந்தகம் ஒன்றில் காத்திருந்தபோது தாதி 'நீலா' என்று அழைத்தார். யாரும் எழாததைக் கண்டு 'நைலா' என்றார். அதன் பிறகுதான் தங்கைக்குப் பொறி தட்டியது. தாதியைக் குறை சொல்ல இடமில்லை. உச்சரிப்புக்குத் தேவையான முக்கியமான செய்தி அந்த நான்கு எழுத்துகளில் இல்லவே இல்லை.

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அந்த ஒரு மாத்திரையில்தான் வானத்து நிலா நீல நிறமாகிவிடுகிறது. ரோமன் எழுத்திலோ இ, ஈ, ஐ ஆகிய மூன்றுக்கும் ஒரே குறி போதும். ஆங்கிலம் பழகிய கண் இத்தகைய ஈரசைப் பெயரின் முதலசையை அழுத்திப் படிக்கும். அழுத்தம் விழுந்த இடத்தில் உயிரொலி நீளும். சிங்கப்பூர் ஆங்கிலத்தில் கப்பலைக் குறிக்கும் 'ஷிப்', ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' ஆகிய இரண்டையும் பலர் ஏறக்குறைய ஒன்றாகவே உச்சரிப்பதால், குறில் நெடில் வேறுபாட்டைக் காதும் தேடுவதில்லை. இத்தீவுக்குச் சிங்கப்பூரா என்று பெயரிட்டதாக மலாய் மரபுக்கதை கூறும் சாங் நீல உத்தமாவின் பெயரிலும் அதே நான்கு எழுத்துகளே வருகின்றன. அங்கே அது வடமொழி வழி வந்த நீலம். ஆக, நம் ஊரில் ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் இரண்டு சொற்கள் குடியிருக்கின்றன.

இப்படிச் சிக்கல் தரும் பெயர்கள் எப்படிப் பரவுகின்றன? அமெரிக்காவில் 1880 முதலான குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் பொதுவில் கிடைப்பதால், ஆய்வாளர்கள் பெரும்பாலும் அவற்றையே நாடுகிறார்கள். பெற்றோர் பிறர் வைத்த பெயர்களைத் தற்செயலாகப் பின்பற்றி, எப்போதாவது ஒரு புதுப்பெயரைச் சேர்த்தாலே, சில பெயர்கள் மிகப் பரவலாகவும் மிகப்பல அரிதாகவும் அமையும் என்று மாத்யூ ஹானும் அலெக்சாண்டர் பென்ட்லியும் 2003இல் காட்டினர். உயிரியலில் மரபணு வகைகள் தற்செயலாலேயே பெருகுவதும் மறைவதுமான மரபணு நகர்வுக்குச் சொல்லப்படும் அதே கணக்கு இது. கூட்டம் சிறியதாக இருந்தால் தற்செயலின் கை ஓங்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர். தமிழர் அதிலும் ஒரு பகுதியினரே. நாலைந்து குடும்பங்கள் ஒரே பெயரை விரும்பினாலும் ஒரு பாலர் பள்ளியில் அது பளிச்சென்று தெரிவது இதனால்தான். வேகமாக ஏறும் பெயர் வேகமாகவே இறங்கும் என்பதும் பிரெஞ்சு, அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு 2009இல் வெளிவந்த ஆய்வொன்றில் தெரியவந்தது. அமெரிக்காவில் 1947இல் மேரியை முந்திய லிண்டா அடுத்த சில பத்தாண்டுகளில் சரிந்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

ஆனால் எல்லாமே தற்செயல் என்று நான் ஏற்கமாட்டேன். வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்ட மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், கடல் கடந்து இங்கும் பெயர்களை மாற்றியது. எழிலன், கயல்விழி, யாழினி என ழகரம் தாங்கிய பெயர்கள் மொழிப்பற்றின் அடையாளமாயின. அந்த ழகரத்தைத்தான் ரோமன் எழுத்து மிக மோசமாகக் கையாளுகிறது.

நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ரகரமும் ழகரமும் பிறக்கும் என்கிறது தொல்காப்பியப் பிறப்பியல். இன்றைய பேச்சில் ழகரத்துக்கு நா அண்ணத்தை நெருங்குமே தவிர, ளகரத்துக்குப் போல் ஒட்டிக்கொள்ளாது. இவ்வொலியை நாம் இசட், எச் என்று எழுதுகிறோம். மாண்டரின் மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையைக் கற்ற சீனர் அதே இணையைக் கண்டால், நாவை அண்ணத்தில் ஒட்டி வெடித்து உரசும், நம் ஜகரத்தை ஒத்த ஒலியை எழுப்புவார். யாழினி 'யாஜினி' ஆகிவிடுவாள். வியப்பு என்னவென்றால், மாண்டரின் மொழியில் ழகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி ஒன்று இருக்கிறது; பின்யின் அதை ஆர் என்ற எழுத்தால் குறிக்கிறது. ஒலி அவர்கள் நாவில் உண்டு, நாம் கொடுத்த எழுத்துதான் வேறு.

தொடக்கப்பள்ளி முதல் வகுப்பில் சேர்ந்த யாழினி ஒருத்தியின் அம்மா இதை அறிந்து, சீன ஆசிரியையிடம் மனிதனைக் குறிக்கும் 'ரென்' என்ற மாண்டரின் சொல்லை முதலில் சொல்லச் சொன்னார். பிறகு அந்த முதல் ஒலியை 'யா'வுக்கும் 'இனி'க்கும் இடையில் வைக்கச் சொன்னார். மூன்றாம் முறையில் ஆசிரியை யாழினி என்றார், குழந்தை திரும்பிப் பார்த்தாள்.